புடவை தெரியும் உயரம்

ஒதியம்பட்டில் தனிஸ்லாஸ் நாலு மரக்கால்களின் மேல் கட்டிய வீடு, 1967-ஆம் வருஷம் ஐப்பசி அடைமழை விட்ட வாரத்தில், முதல் தளிர் விட்டது. சமையல்கட்டுப் பக்கத்துக் காலில், இடுப்பு உயரத்தில், பிறந்த பிள்ளையின் காது மடல் போலச் சிவப்பாக ஒரே ஒரு தளிர். மறுநாள் மற்ற மூன்று கால்களும் தளிர்த்தன. பொங்கலுக்குள் வீடு ஒரு முழம் மேலே போய்விட்டது. அதில் சாத்தி வைத்திருந்த ஏணி எட்டாமல் போகவே, அடியில் இரண்டு கல்லைப் போட்டு ஏணியை உயர்த்திக்கொண்டார்கள். ஊரில் இதைப் பற்றிப் பெரிய பேச்சு எழவில்லை. அந்த வருஷம் நெல் ஏறியிருந்தது, மண்ணெண்ணெய் ஏறியிருந்தது. ஏறுகிற சாமான்களில் வீடும் ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மூலம், கல்யாணப் பேச்சில் தனிஸ்லாஸ் சொன்ன ஒரு பொய். கடலோரக் குப்பத்துக்குக் கருவாடு வாங்கப் போன இடத்தில், வலை உதறிக்கொண்டிருந்த மதலேனாளைப் பார்த்தான். கருவாட்டை மறந்துவிட்டு அவள் அப்பா தாமஸிடம் நேராகப் பெண் கேட்டான். கட்டுமரத்துக்காரரான தாமஸ் நிலம் எவ்வளவு என்று கேட்கவில்லை, நகை என்ன போடுவாய் என்றும் கேட்கவில்லை. "எம் பொண்ணு கண்ணு முழிச்சா கடலப் பாக்கணும். ஒங்க வூட்டுலருந்து கடல் தெரியுமா?" என்றார். ஒதியம்பட்டிலிருந்து கடலுக்கு நடந்தால் அரைநாள் போய்விடும். ஆனால் கண் இமைக்காமல் விலை சொல்கிறவன் பக்கம்தான் பேரம் சாயும் என்பது தனிஸ்லாஸுக்குத் தெரியும். "வாசல்ல நின்னா தெரியும் மாமா. நீங்க கட்டுமரத்துல இருந்து கைய ஆட்டினா நாங்க திருப்பி ஆட்டலாம்," என்றான். ஆவணியில் கல்யாணம் முடிந்தது. மாட்டு வண்டியை விட்டு இறங்கிய மதலேனாள், அவனுடைய கூரை வீட்டு வாசலில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். வயலும் பனையும் தெரிந்தன. கடல் எங்கே என்று கேட்டாள். மப்பாக இருக்கிறது, மழை பெய்து விட்டால் தெரியும் என்றான். அன்று சாயந்தரமே மழை பெய்து விட்டது. "இப்ப இன்னா சொல்றே?" என்றாள். அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான். அவள் பின்னாலேயே போனாள். "வர்ற வில்லியனூர் மாதா தேருக்குள்ள எனக்குக் கடல் தெரியணும். இல்லன்னா நான் எங்க நைனா வூட்டுக்குப் போயிகினே இருப்பேன். கடல் பக்கத்துல எனக்கு வூடு இருக்குது. ஒனக்குத்தான் இல்ல."

கடலைக் கொண்டுவர முடியாது, வீட்டைத்தான் தூக்க வேண்டும் என்று தனிஸ்லாஸ் முடிவு செய்தான். வில்லியனூரில் மரவாடி வைத்திருந்த சுப்பராயலுவிடம் போய், பரண் மாதிரி உயரத்தில் ஒரு வீடு கட்ட நாலு நெட்டைக் கால்கள் வேண்டும் என்று கேட்டான். அவன் மடியில் இருந்த காசுக்குத் தேக்கின் நிழல்கூடக் கிடைக்காது. மூலையில் ஒதிய மரத் துண்டுகள் கிடந்தன. அந்தப் பக்கத்தில் ஒதியனை வேலிக்கு மட்டும்தான் வெட்டுவார்கள், குச்சியை ஒடித்து நட்டால்கூடப் பிழைத்துக்கொள்ளும் ஜாதி அது. சுப்பராயலு வியாபாரிதான், ஆனாலும் உண்மையைச் சொன்னார். "தம்பி, இது மரமே இல்ல, மரம் மாதிரி ஒண்ணு. வூட்டுக்குன்னு குடுத்தா நாளைக்கு எம் மேலதான் வந்து வுழுவ." தனிஸ்லாஸ் விடவில்லை. காயவைத்துப் பட்டை உரித்து நட்டிருந்தால் ஒன்றும் முளைத்திருக்காது. தேருக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் பச்சையாக, பால் சொட்டச் சொட்ட, பட்டையோடு நட்டான். மேலே பனஞ்சட்டம், அதன்மேல் மூங்கில் தளம், ஒதியங்குச்சி அடைத்த சுவர், தென்னங்கீற்றுக் கூரை. நட்டபோது வீட்டின் தளம் ஆள் உயரத்தில் இருந்தது. அங்கிருந்து பார்த்தாலும் வயலும் பனையும்தான் தெரிந்தன. பிறகுதான் மழை வந்தது, தளிர் வந்தது.

தேர் வந்தபோது வீடு பக்கத்துப் புளியமரத்தின் முதல் கிளையை எட்டியிருந்தது. கடல் தெரியவில்லை. மதலேனாள் தகரப்பெட்டியை இழுத்தாள், திறந்தாள், மூடினாள். "வூடு வந்துகினே இருக்குது. பாதியில வுட்டுட்டுப் போனா எனக்குத்தான் நஷ்டம்," என்று சொல்லி அடுத்த தேர் வரைக்கும் தவணை கொடுத்தாள். அந்தத் தேரிலும் கொடுத்தாள். தவணை கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் அவளுக்கு ரோசி பிறந்தாள். கல் போட்டும் ஏணி எட்டாமல் போனதும் தனிஸ்லாஸ் ஒரு கிணற்று உருளையைக் கட்டிக் கூடையில் ஆளை ஏற்றி இறக்கினான். மாதா கோயில் சாமியார் வருஷா வருஷம் அதே கூடையில் ஏறி, தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரித்தார். போன வருஷம் மந்திரித்த உயரம் வேறு, இது வேறு என்பது அவர் கணக்கு. தளத்தின் இடுக்குகளில் அவரையும் பீர்க்கும் படர்ந்ததால் மதலேனாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே குழம்புக்குப் பறித்தாள். பானைகளுக்கு நடுவில் மைனா முட்டையிட்டது. ஆடுகள் எழுந்து நிற்கக்கூடச் சோம்பல்பட்டு, படுத்தபடியே சுவரைத் தின்றன. சுவர் மறுபடி துளிர்த்தது. ஊரெல்லாம் மூட்டை மூட்டையாக யூரியா வாங்கிய காலத்தில், தனிஸ்லாஸின் வயலுக்கு வீடே தழையை உதிர்த்தது, அவன் மிதித்து மட்டும் விட்டான். ரோசி ஆடுகிற தளத்திலேயே நடை பழகியவள். முதல்முறை தரையில் இறக்கி விட்டபோது, "இது ஆட மாட்டேங்குது, தல சுத்துது!" என்று அழுது மேலே தூக்கச் சொன்னாள்.

1971-ஆம் வருஷம், பங்குனியில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்த மதலேனாள் குச்சியை வாயிலிருந்து எடுக்காமலேயே கத்தினாள். கிழக்கே பனைகளின் தலைக்கு மேல், நீலத்தில் ஒரு கரை, ஜரிகை போட்டு. அதில் ஒரு பொட்டு நகர்ந்தது. "யோவ், எங்க நைனா! எங்க நைனா மரம்!" தனிஸ்லாஸ் உலையில் போட இருந்த அரிசியைக் கீழே கொட்டினான். கோழிகள் பறந்து இறங்கிப் பொறுக்கின. பாதித் தெரு கூடையில் ஏறி வந்து கடல் பார்த்தது. கூட்டம் தாங்காமல் வீடு முனகியது, பிறகு இன்னும் ஒரு சாண் ஏறிக்கொடுத்தது. மதலேனாள் தன் கல்யாணச் சிவப்புப் புடவையை நனைத்துக் கிழக்குப் பக்கக் கொடியில் போட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை தாமஸ் வஞ்சிரத்தோடு வந்து கூடையில் ஏறினார். வந்ததும் வராததுமாக, "வியாழக்கிழம செவப்பு காயப் போட்டிருந்தியே, நல்லா புழிஞ்சா இன்னா? ஒரு ஓரம் சொட்டிகினே இருந்துச்சு," என்றார். அன்று முதல் தினமும் கொடியில் சிவப்பு ஒன்று கிடந்தது. தாமஸ் அதைப் பார்த்துக் கரைக்குத் திரும்பினார். தகரப்பெட்டியில் ரோசி பூனை வளர்த்தாள்.

1977-இல் தனிஸ்லாஸின் அண்ணன் இக்னேஷியஸ் வந்து சேர்ந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், ஊர் வாயில் சொல்தா. மடிப்புக் கலையாத காக்கிக் கால்சட்டை, கையில் பிரம்பு. அப்பன் சொத்தில் பாதி மனையில் சிமெண்டுத் தளம் போட்ட மெத்தை வீடு கட்டுவதாகத் தீர்மானித்து வந்திருந்தார். கோடு போட்டுப் பார்த்ததில், தம்பி வீட்டுக் கால்கள் நாலில் இரண்டு அவர் பாதியில் நின்றன. அறுத்தால்தான் கட்ட முடியும் என்றார். "அறுத்தா நானும் புள்ளையும் நைனா வூட்டுக்குத்தான்," என்று மேலிருந்து மதலேனாளின் குரல் வந்தது. சமரசத்துக்குச் சுப்பராயலுவைக் கூப்பிட்டார்கள், கால்களை விற்ற ஆளாயிற்றே. மனையை இடம் வலமாகப் பிரிக்க வழியில்லை, மேலும் கீழுமாகப் பிரிக்க வாயில் வார்த்தையில்லை. ஆகவே அவர், விரலைத் தொட்டே விலை பேசுகிற மாட்டுச் சந்தை முறையில் துண்டைப் போட்டு, அதற்கடியில் அண்ணன் விரலைத் தம்பி கையிலும் தம்பி விரலை அண்ணன் கையிலும் கொடுத்தார். துண்டு நெளிந்தது, துள்ளியது. கடைசியில் படிந்தது. ஒரு ஆள் கையைத் தூக்கினால் எட்டுகிற உயரம் வரை, முழு மனையும், அங்கே முளைப்பது எல்லாமும் அண்ணனுக்கு. அதற்கு மேல் வானம் வரை தம்பிக்கு. கால்கள் தாமாக விழும்வரை நிற்கலாம். இக்னேஷியஸ் மீசைக்குள் சிரித்தார். ஒதியன் எத்தனை நாளைக்கு, மண் அல்லவா சொத்து! தம்பி ஏமாந்தான் என்று ஊரும் சொன்னது.

நாலு கால்களுக்கு நடுவில் அவருடைய சுவர்கள் எழும்பின. தளம் போடும் நேரம் வந்தபோது, சென்ட்ரிங்குக்கு முட்டுக் கொடுக்கச் சவுக்குக் கழிகளைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்று அவருக்குத் தோன்றியது. கை எட்டும் உயரத்துக்குள் முளைத்த கிளைகளெல்லாம் அவருடையவைதானே! வெட்டி, அன்றைக்கே முட்டுக் கொடுத்து, கான்கிரீட்டைக் கொட்டினார்கள். மறுநாள் மழை பிடித்தது. புயல் வந்து போனது, கொத்தனார் நடேசன் காய்ச்சலில் படுத்தார், கார்த்திகை முழுக்க முட்டுகள் ஈர மண்ணில் நின்றன. நடேசன் சம்மட்டியோடு வந்து முதல் முட்டுக்கழியைத் தட்டியபோது மூஞ்சியில் இலை அடித்தது. அண்ணாந்து பார்த்தார். தளத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பூனை போகிற அளவு வானம் தெரிந்தது. ரோசியின் பூனை போய்க்கொண்டுமிருந்தது.

"சொல்தா ஐயா, பிரிச்சா வுழுந்துடும், பிரிக்கலன்னா மேல போயிடும். இன்னா பண்ணட்டும்?" என்று நடேசன் கேட்டார்.

அறு என்றார் இக்னேஷியஸ். நடேசன் வேரைத் தோண்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். முட்டுகளும் நாலு கால்களும் அடியில் ஒன்றாகப் பின்னி ஒரே மரமாகிவிட்டிருந்தன. ஒன்றை அறுத்தால் எல்லாம் வரும், தம்பி வீடும் சேர்ந்து வரும். இக்னேஷியஸ் மூன்று வாரம் யோசித்தார். அதற்குள் தளம் அவர் சுவரை விட்டு ஆள் உயரம் போய்விட்டது, அவருக்கு வெறிபிடித்தது. ஊர்ச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை என்று பெரிய ரம்பம் ஒன்றை வரவழைத்தார். மேலே மதலேனாள் பூனையை வெளியே விட்டுவிட்டுத் தகரப்பெட்டியில் புடவைகளை அடுக்கினாள். தனிஸ்லாஸ் எதிரில் உட்கார்ந்து, அவள் அடுக்குவதை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். அதனால் வேலை முடியவில்லையே தவிர, அவள் மனம் மாறவில்லை. கடைசியாகச் சிவப்புப் புடவையைக் கொடியிலிருந்து இழுத்துப் பெட்டியில் வைத்து, பூட்டிச் சாவியை முடிந்துகொண்டாள்.

ரம்பம் பட்டையைத் தொட்ட நேரத்தில் தாமஸ் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்தார். காலில் மணல்கூடக் காயவில்லை. கீழே நின்று மேல்நோக்கிச் சத்தம் போட்டார்: "இன்னாடி வெளையாடறியா? காலையிலருந்து கொடியில ஒண்ணுங் காணோம், நான் எத வெச்சுக் கரைக்கு வர்றது? இன்னிக்கு எவன் எவன் கரையோ சுத்திட்டு வந்தேன்!"

"இவரு அண்ணன் அறுக்கறாரு நைனா. வூடு இருந்தாத்தானே கொடி," என்று மேலிருந்து பதில் வந்தது.

தாமஸ் ரம்பத்தைப் பார்த்தார். ஏறிப்போன சிமெண்டுத் தளத்தைப் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார், மீன் வாங்க வந்தவனிடம் முதல் விலை சொல்கிற குரல். "சொல்தா தம்பி, இந்த மெத்த ஒங்களுதா?"

"இருந்துச்சு," என்றார் இக்னேஷியஸ்.

"நல்லதாப் போச்சு. எம் பொண்ணு புடவைய வெச்சு எனக்குத் தெச மட்டும்தான் தெரியுது. மீன் இருக்கற எடம் தவறிப்போயிடுது. இன்னொரு அடையாளம் வேணும், இந்தப் பக்கமா, கொஞ்சம் தாழ. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு வந்துச்சுன்னா அங்கதான் வலையப் போடணும். இத்தன வருசமா யாரக் கேக்கறதுன்னு தெரியாம இருந்தேன். ஒங்க மெத்த சரியா அந்த எடத்துலதான் நிக்குது. இன்னும் கொஞ்சம் ஏறினா போதும்."

"இத்த வெச்சு நான் இன்னா பண்றது?"

"ஒங்க கால்சட்டையத் தொவைச்சுக் காயப் போடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன். மீன்ல பங்கு."

இக்னேஷியஸ் எத்தனையோ தேசத்தில் எத்தனையோ காவல் நின்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து யாரும் அவரை எங்கேயும் நிற்கச் சொல்லவில்லை. பிரம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வஞ்சிரமா, சங்கராவா என்று கேட்டார். வஞ்சிரம் என்றார் தாமஸ். தலை உண்டா என்றார். உண்டு என்றார். நடேசன் ரம்பத்தைத் துணியில் சுற்றினார். மேலே சாவி முடிச்சு அவிழ்ந்த சத்தம் கீழே வரை கேட்டது. ரோசி உருளைக் கயிற்றை விட்டாள். "பெரிப்பா, கூடையில ஒக்காருங்க, குதிக்காதீங்க, போன தடவ சாமியார் குதிச்சாரு!"

அடுத்த ஆடிக்குள் மெத்தையும் கடலைப் பார்த்துவிட்டது. இக்னேஷியஸ் அதன் மேல் கட்டிலைப் போட்டு, சுற்றி வெண்டையும் கத்தரியும் வைத்தார். அவருடைய சுவர்கள் கூரையில்லாமல் கீழேயே நின்றுவிட்டன, அவற்றில் மாடு கட்டினார்கள். சாயந்தரக் காற்று இரண்டு வீட்டையும் ஒரே பக்கம் சாய்த்து ஆட்டியது. மேலிருந்து மதலேனாள் குழம்பை இறக்குவாள், கீழிருந்து வெண்டைக்காய் ஏறும், நடுவில் பூனை சுங்கம் வாங்கும். துவைக்க எதுவும் இல்லாத நாளிலும் இக்னேஷியஸ் கால்சட்டையை நனைத்துக் கொடியில் போட்டார். வில்லியனூர் பஸ் கண்டக்டர்கள் "கால்சட்டை-புடவை ஸ்டாப்" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். சுப்பராயலு மரவாடியில் ஒதியனைத் தேக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

1983 தேர் முடிந்த மறுநாள் காலை, மதலேனாள் கண் விழித்ததும் வழக்கம்போல் வாசலில் வந்து நின்றாள். சூரியனுக்குக் கீழே தாமஸின் மரம் தெரிந்தது. அவர் எழுந்து நின்று கையை ஆட்டினார். அவளும் ஆட்டினாள், ரோசி ஆட்டினாள், ஒரு தளம் கீழே இக்னேஷியஸ் பிரம்பை ஆட்டினார். கடைசியாகக் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்த தனிஸ்லாஸ் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "வாசல்ல நின்னா தெரியும்னு அன்னிக்கே சொன்னேன். யாரு நம்பினீங்க?" என்றான். மதலேனாள் சிவப்புப் புடவையை உதறிக் கொடியில் போட்டாள். அந்த வருஷ மழைக்கு வீடு இன்னும் இரண்டு சாண் ஏறியது.