பந்தல்காரருக்கு இன்சூரன்ஸ்

பந்தல்காரருக்கு எதற்கு இன்சூரன்ஸ் என்று சூலூரே பாக்கியராஜைக் கேலி செய்தது. லாரிக்குப் போடலாம், உயிருக்குப் போடலாம். கல்யாணத்துக்கு வந்தவர் தலையில் மூங்கில் விழுந்தால் அவருக்குக் கம்பெனி பணம் தருமாம், அதற்கு இவர் வருஷா வருஷம் கட்டுகிறாராம்! "உங்க பந்தல் உழுகும்னு நீங்களே எழுதிக் குடுக்கறீங்களா?" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். பாக்கியராஜும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஏஜென்ட் ஷேக் பரீத் மொபெட்டில் வந்து இறங்கியதும் பேசாமல் கட்டிவிடுவார்.

அவருக்கு வீட்டில் யாரும் இல்லை. மனைவி சாராள் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் இரண்டு தெரு தள்ளியிருக்கும் சுப்பண்ணன் வீட்டுக்கு நேராகப் போய்விடுவார். நாலு தறி போட்டு ஓட்டுகிற மனிதர் சுப்பண்ணன். அவர் மனைவி ராசாத்தாள் இலையைப் போட்டுவிட்டுத்தான் "வாங்க தம்பி" என்பாள். அந்த ஒரு நாளை வைத்துத்தான் பாக்கியராஜ் மற்ற நாட்களை ஓட்டினார்.

தொண்ணூற்று நான்கு ஐப்பசியில் சுப்பண்ணன் மகளுக்கு நிச்சயம். பந்தல் பாக்கியராஜுடையதுதான், வேறு யாருடையதாக இருக்கும்? முதல் நாள் நல்ல மழை. நார்க் கயிறெல்லாம் நனைந்து கிடந்ததால் ஒரு குறுக்கு மூங்கிலை நைலான் கயிற்றில் கட்டினார். நைலான் வழுக்கும் என்று அவருக்குத் தெரியும். அரை நாள் விசேஷம்தானே, தாங்கிவிடும் என்று நினைத்தார். தட்டு மாற்றி முடித்து எல்லோரும் பந்தியில் உட்கார்ந்த நேரம் பார்த்து ஒரு காற்று அடித்தது. முடிச்சு நழுவியது. தகரத்தோடு மூங்கில் இறங்கி, பரிமாறிக்கொண்டிருந்த சுப்பண்ணனின் இடுப்பெலும்பை உடைத்துவிட்டது.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆபரேஷனுக்காக நாலு தறியும் அடகுக்குப் போயின. மீட்க முடியாவிட்டால் பிழைப்பும் போயிற்று, வைகாசியில் வைத்த கல்யாணமும் போயிற்று.

பந்தல் விழுந்த அன்று மாலையே ஷேக் பரீத் வந்துவிட்டார்.

"பயப்படாதீங்க. இதுக்குத்தானுங்க இத்தன வருசம் கட்டுனீங்க. கம்பெனி குடுத்துரும். ஆனா ஒண்ணு. அவங்ககிட்டப் போயி என் தப்புன்னு சொல்லீராதீங்க. நாந் தாரேன்னும் சொல்லீராதீங்க. கம்பெனியக் கேக்காம நீங்களா ஒத்துக்கக் கூடாதுன்னு பாலிசில இருக்குது, சொன்னீங்கன்னா கம்பெனி கையக் கழுவிப்போடும்."

"என் தப்புத்தானுங்களே பாய்?"

"விசாரிக்க ஆபீசர் வருவாரு, அவருகிட்டச் சொல்லுங்க. ஒண்ணு விடாமச் சொல்லுங்க. சுப்பண்ணங்கிட்ட மட்டும் வேண்டாம்."

"பாக்கப் போகவும் கூடாதுங்களா?"

"போங்க, ஆரு வேண்டாங்கறா? ஆரஞ்சு வாங்கீட்டுப் போயிப் பாருங்க. வாய மட்டும் தொறக்காதீங்க."

சொல்வது சுலபம். நம்மால் ஒருத்தருக்கு அடிபட்டால் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு 'என்னால ஆச்சுங்க' என்று சொல்லத்தான் போகிறோம். அதைச் சொல்லாமல் ஆரஞ்சை வைத்துவிட்டு வந்தால் அது போய்ப் பார்த்ததாகுமா? பாக்கியராஜுக்குத் தன்னைத் தெரியும். கட்டிலைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. சுற்றிலும் சொந்தக்காரர்கள் நிற்பார்கள், ஆபீசர் அவர்களையும் கேட்பார். கடைசியில் தறி போய்விடும். அதனால் அவர் போகவே இல்லை. பெரிய புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தார், பாவம்.

கம்பெனி பணம் வரும்வரை தான் வர முடியாது என்று, தன்னிடம் வேலை செய்யும் யூனுஸை விட்டுச் சுப்பண்ணனிடம் சொல்லி அனுப்பினார். யூனுஸ் திரும்பி வந்து தலையைச் சொறிந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"அண்ணந்தான், 'கம்பெனி சொன்னா வராம இருந்துக்குவானா'ன்னு கேட்டாருங்க."

கிறிஸ்துமஸ் வந்தது. வருஷந்தோறும் அன்று மத்தியானம் சுப்பண்ணன் குடும்பத்தோடு இவர் வீட்டில்தான் சாப்பிடுவார். பழக்க தோஷத்தில் பாக்கியராஜ் முழுக்கோழி வாங்கிச் சமைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். படுக்கையில் கிடக்கிற மனிதர் எப்படி வருவார்? போக வேண்டியவர் இவர்தான். சாயங்காலம் குழம்பைத் தெருநாய்க்கு ஊற்றினார். அழுகை வந்தது, அழுதார். ஏன் அழுகிறாய் என்று கேட்கவும் அந்த வீட்டில் ஆள் இல்லை.

பங்குனியில் கம்பெனிப் பணம் சுப்பண்ணனுக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்தது. தறிகளை மீட்டுவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பாக்கியராஜ் சர்ச்சிலிருந்து நேராக அங்கே போனார். சுப்பண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஊன்றுகோல். இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்ததைப் பாக்கியராஜ் நின்றபடியே கொட்டினார்.

"என் தப்புத்தானுங்கண்ணா. நைலான் கயித்துல கட்டிப்போட்டேன். மன்னிச்சுக்கோங்க."

சுப்பண்ணன் கோபப்பட்டிருக்கலாம். ஊன்றுகோலை எடுத்து இரண்டு போட்டிருந்தால்கூடப் பாக்கியராஜ் சந்தோஷமாக வாங்கியிருப்பார்.

"அதுதான் கம்பெனி குடுத்துருச்சுங்களே" என்றார் சுப்பண்ணன், என்றும் இல்லாத மரியாதையோடு. "இனி அதயெதுக்குப் பேசறீங்க? உக்காருங்க."

ராசாத்தாள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். சாப்பாட்டு நேரம்தான். சாப்பிட்டுப் போங்க என்று யாரும் சொல்லவில்லை. பாக்கியராஜ் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார்.

வைகாசிக் கல்யாணத்துக்கு அன்னூர்க்காரர் ஒருத்தர் பந்தல் போட்டார். இரண்டு தெரு தாண்டி வரவேண்டிய பத்திரிகை தபாலில் வந்தது.

ஆனியில் ஷேக் பரீத் மொபெட்டை நிறுத்திவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"இந்த வருசம் கட்டறீங்களா, உட்டுறலாங்களா? நீங்க இதுனால பட்ட பாடு எனக்குத் தெரியுமுங்க. நான் வற்புறுத்த மாட்டேன்."

பாக்கியராஜ் உள்ளே போய்ப் பணத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

"கட்டிக்கலாம் பாய். இனி ஆரு மேல உழுந்தாலும் என்னால வாய மூடீட்டு இருக்க முடியுமுங்க. சுப்பண்ணனாட்ட ஆளு இனி எனக்கு ஆருங்க இருக்கறாங்க?"