பாகூரில் பூமிக்கடியில் ஒரு ஸ்டேஷன்

பெரிய சண்டைக்குப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் போய்த் திரும்பிய சூசைநாதன், பாரீசில் ரயில் பூமிக்கடியில் ஓடுகிறது என்று சொன்ன நாளிலிருந்து ஊரில் அவனுக்குப் புளுகுசூசை என்று பேர் விழுந்தது. படியில் கீழே இறங்கினால் பகல் மாதிரி விளக்கு எரியும், வண்டி வந்து நிற்கும், அதற்கு மெத்ரோ என்று பெயர் என்று அவன் சத்தியம் பண்ணிப் பார்த்தான். களத்துமேட்டில் அத்தனை பேர் நடுவில் மிராசுதார் உலகநாதன், "எலி வளைல ரயிலு வுடறான்டா இவன்" என்று சொல்லிச் சிரித்தார். சூசையின் பெண்டாட்டி ஆரோக்கியம் கதிர்க்கட்டைத் தலையிலிருந்து இறக்காமலே அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளும் புருஷன் பேச்சை நம்பியவள் இல்லை. ஆனால் வீட்டுக்குள் தான் சிரிப்பது வேறு, களத்தில் ஊர் சிரிப்பது வேறு.

உலகநாதன் மேல் அவளுக்கு இன்னொரு வருத்தமும் இருந்தது. அவர்கள் தெருவை ஒட்டி அவருடைய தரிசு ஒன்று சும்மா கிடந்தது. அதில் கிணறு வெட்டிக்கொள்கிறோம் என்று தெருச்சனம் எத்தனையோ தரம் கேட்டும் அவர் மசியவில்லை. பெண்கள் ஏரி வாய்க்கால் வரைக்கும் போய்க் குடம் சுமந்தார்கள்.

பங்குனியில் மிராசுதார் வீட்டுக்கு நெல் புடைக்கப் போன ஆரோக்கியம், முறத்தை நிறுத்திவிட்டு, அவர் மனைவி விருத்தாம்பாளிடம் குரலைத் தாழ்த்தினாள். புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் பூமிக்கடியிலேயே ரயில் வரப்போகிறதாம். பாகூர் பக்கம் ஒரு ஸ்டேஷனாம். இன்னும் இடம்தான் அமையவில்லையாம்.

"யாராண்டயும் சொல்லிடாதீங்கம்மா. எவரு நெலத்துல பள்ளம் தயாரா இருக்குதோ, அங்கதான் டேசனு கட்டுவாங்களாம். அவரு பேரயே வெச்சிடுவாங்களாம்."

விருத்தாம்பாள் புருஷனைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலமே சூசைக்கு ஆள் வந்தது. உலகநாதன் அவனை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு விசாரித்தார். அங்கே ஸ்டேஷனுக்கு ஆள் பேர் வைப்பதுண்டா? உண்டு என்றான் சூசை. மேலேயிருந்து பள்ளம் பறித்துத்தான் கட்டுவார்களா? பல இடத்தில் அப்படித்தான் கட்டினார்களாம் என்றான். பெண்டாட்டி கிளப்பிவிட்ட சங்கதி அவனுக்குத் தெரியாது. தன் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க ஒருத்தர் கிடைத்தாரே என்று, கேட்டதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னான்.

விளைகிற நிலத்தில் கைவைக்க உலகநாதனுக்கு மனசு வரவில்லை. தெருவோரத் தரிசைத்தான் தேர்ந்தெடுத்தார். அடுத்த நிலத்துக்காரர் தணிகைவேல் முந்திக்கொள்வாரோ என்ற பயத்தில் காரணத்தை யாருக்கும் சொல்லாமல், தெரு ஆட்களையே கூலிக்கு வைத்து வெட்டினார். மண்கூடை சுமந்த ஆரோக்கியத்துக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தூசி என்றாள்.

இரண்டு ஆள் ஆழத்தில் ஊற்று கண் திறந்தது. உலகநாதன் சூசையைத் தேடி ஓடினார்.

"அங்கயும் தண்ணி வந்துச்சாடா?"

"வந்துச்சாம் ஆண்ட. எறைச்சி வுட்டுட்டுதான் கட்டுனாங்களாம்."

உடனே ஏற்றம் போட்டார். இறைக்க இறைக்கத் தண்ணீர் தெளிந்து வந்தது. வீணாகிறதே என்று தெருப்பெண்கள் குடத்தை நீட்டினார்கள்.

பள்ளத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, கொம்யூன் தலைவரான மேர் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். உலகநாதன் அவரைத் தனியாக ஓரங்கட்டி, பூமிக்கடி ரயில் எப்போது வரும் என்று கேட்டார். "எந்த ரயிலு?" என்றார் மேர். அந்த முகத்தைப் பார்த்ததுமே உலகநாதனுக்கு விளங்கிவிட்டது. தெருவே கூடி நின்று பார்த்தது. தணிகைவேலும் நின்றார்.

"அது... சும்மா கேட்டேங்க. இந்தத் தெருவுக்குக் கெணறு வெட்டிக்கினு இருக்கறேன்" என்றார் உலகநாதன்.

மேர் வெள்ளைக்காரர்களைப் போலக் கையைப் பிடித்துக் குலுக்கி, செங்கல் கொம்யூன் செலவு என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். பிறகு மண்ணைத் தள்ளி மூடவா முடியும்?

யார் சொன்ன சங்கதி என்று உலகநாதன் மனைவியைக் குடைந்தெடுத்தார். தேர்க்கூட்டத்தில் காதில் விழுந்தது, ஆள் நினைவில்லை என்று விருத்தாம்பாள் சாதித்துவிட்டாள். அவள் ஏன் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது ஆரோக்கியத்துக்கு விளங்கவே இல்லை.

புதுத் தண்ணீரில் கூழ் காய்ச்சிய அன்று சூசை உற்சாகமாக இருந்தான்.

"அங்க சில டேசன்ல படி தானா நவுரும் புள்ள. நாம சும்மா நின்னா போதும், மேல கொண்ணாந்து வுட்டுடும்."

ஆரோக்கியம் அகப்பையோடு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இத்த இந்த வூட்டத் தாண்டி எங்கியும் சொல்லாதய்யா" என்று சொல்லிவிட்டு, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பை ஊதப் போனாள். தோள் மட்டும் குலுங்கியது.