பத்து நிமிட வர்ணனை

வாகட் புறநகரில், ஒன்பதாவது மாடி வீட்டில் கௌஷிக் தரையில் உட்கார்ந்தான். அவன் ஓயாமல் திட்டியதில், ஆறு வயது மகள் சஹானா அவனோடு பேசி ஒரு வாரமாகிவிட்டது.

லேப்டாப்பில் நடந்த பெற்றோர் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்: தினமும் பத்து நிமிடம் கேள்வி, கட்டளை எதுவும் கூடாது. குழந்தை செய்வதை மட்டும் கிரிக்கெட் வர்ணனைபோலச் சொல்ல வேண்டும். பெற்றோரின் கவனம் தானாகவே கிடைத்தால், குழந்தைக்கு அதற்காகச் சேட்டை செய்யத் தேவையிருக்காது.

"சஹானா செவப்புக் கட்டைய மேல வெக்கறா."

அவள் கோபுரத்தை உதைத்துத் தள்ளிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கோபுரம் விழுந்துடுச்சு. சஹானா அப்பாவப் பாக்கறா. ஏன்டா கண்ணா..." அலுவலகத்தில் நாள்முழுதும் காரணம் கேட்டுப் பழகிய வாய்.

"கொஸ்டின் கேக்கக் கூடாதுன்னு அந்த ஆன்ட்டி சொன்னாங்கல்ல?" என்றாள், சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து பயிற்சியைக் கேட்டிருந்த சஹானா. "நீ அவுட்ப்பா. மொதல்லேர்ந்து ஆரம்பி."

கௌஷிக் சமர்த்தாக முதலிலிருந்து ஆரம்பித்தான்.