ஓட்டை போடாத ஸ்நார்கெல்

எங்கள் பட்டறை பால்பண்ணை தாண்டி சர்வீஸ் ரோட்டில் இருக்கிறது. நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர்-வீல்-டிரைவ் வண்டிகளுக்கு மட்டும்தான் வேலை செய்கிறோம். உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் சார் இல்லையாம்மா?" என்று கேட்பார்கள். மெக்கானிக் சார் நான்தான். பெயர் டெல்பின். பதினாறு வருஷமாக இந்தக் கிரீஸில் கை ஊறிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பதினாறு வருஷத்தில் எனக்குத் தெளிவாகப் புரிந்தது, காட்டுக்குப் போகிற வண்டியை வாங்குகிறவன் காட்டுக்குப் போவதில்லை என்பதுதான். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தில் ஒரு சக்கரத்தை இறக்கி ஏற்றுவான். அதை வீடியோ எடுத்து, பின்னணியில் சிங்கம் உறுமுகிற சத்தம் போட்டு, ஸ்டேட்டஸ் வைப்பான். அன்று சாயங்காலமே வண்டியைக் கழுவிவிடுவான்.

வருகிற எல்லோரிடமும் நான் ஒரே விஷயத்தைத்தான் சொல்வேன். நல்ல டயர் போடுங்கள். கல் இடிக்காமல் இருக்க அடியில் ஒரு தகடு போடுங்கள். சேற்றில் மாட்டினால் இழுப்பதற்கு முன்னும் பின்னும் உறுதியான கொக்கி போடுங்கள். மணலில் காற்றை இறக்கி, ரோட்டுக்கு வந்ததும் ஏற்றிக்கொள்ள ஒரு சின்ன கம்ப்ரஸர் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு இருந்தால் லடாக் வரைக்கும் போய்வரலாம். ஆனால் இதெல்லாம் கல்யாண மண்டப வாசலில் நிறுத்தினால் தெரியாது. தெரியாத பொருளுக்கு இங்கே யாரும் ஒரு ரூபாய் எடுக்க மாட்டார்கள். கூரையில் எட்டு லைட்டும், பின்னால் காலி டீசல் கேனும், கதவில் புலி நகம் கீறிய மாதிரி ஸ்டிக்கரும்தான் வேண்டும்.

ரத்தினவேல் வந்தது ஆடி மாசத்தில். தில்லைநகரில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். திருவானைக்காவலில் பூஜை போட்டு ஐந்து நாள் ஆன வண்டி. டயரில் நசுங்கிய எலுமிச்சம்பழம் காய்ந்து ஒட்டியிருந்தது, பானட்டில் சந்தனம் உதிர்ந்துகொண்டிருந்தது. இறங்கினதும் முதலில் வண்டியைச் சுற்றி வந்து தானே ஒரு தடவை ரசித்துக்கொண்டார்.

"மேடம், ஸ்நார்கெல் மாட்டணும். இருக்கிறதிலேயே பெருசா."

வண்டி தண்ணீரில் இறங்கினாலும் இன்ஜினுக்குக் காற்று வேண்டும். காற்று இழுக்கிற வாயைக் கூரை உயரத்துக்குத் தூக்கி வைக்கிற குழாய்தான் ஸ்நார்கெல். அதை மாட்டுவதற்கு முன் சக்கரத்துக்கு மேலே இருக்கிற தகட்டில் ஓட்டை போட்டு, உள்ளே ஏர் ஃபில்டர் பெட்டியோடு இணைக்க வேண்டும். எங்கள் ஃபிட்டர் கலீம் டிரில்லை எடுத்தான். ரத்தினவேல் பதறிவிட்டார்.

"ஓட்டையெல்லாம் போடக்கூடாதுங்க! பூஜை போட்ட வண்டி. ஒரு மண்டலம் முடியற வரைக்கும் அதுல வெட்டு, ஓட்டை எதுவும் ஆகாதுன்னு எங்க மாமனார் கண்டிப்பா சொல்லிட்டாரு."

"அப்ப நாப்பத்தெட்டு நாள் கழிச்சு வாங்க சார்."

"ஞாயித்துக்கிழமை எங்க ஃபோர்-வீல் வண்டிக்காரங்க குரூப் மீட்டிங் இருக்கே. சும்மா ஒட்டி விடுங்க மேடம், அப்புறம் பாத்துக்கலாம்."

மாமனார் பேச்சுக்காக மூச்சுவிடாத மூக்கை வண்டிக்கு ஒட்டச் சொல்கிற மனுஷனை நான் அன்றுதான் பார்த்தேன். இரட்டைப் பக்க டேப் போட்டு, கலீம் அந்தக் குழாயை வெளியே ஒட்டினான். "இது இப்ப வெறும் குழாய்தான் சார். உள்ள கனெக்‌ஷன் இல்ல" என்று சொன்னேன். அவர் அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். "ஓகே ஓகே" என்றார். இரண்டாவது தடவை நான் சொல்லவில்லை. இவர் அதிகம் போனால் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் வரை போவார், அங்கே காருக்கு மேல் தண்ணீரா நிற்கப்போகிறது என்று நினைத்தேன்.

மண்டலம் முடிந்தது. அவர் வரவில்லை. நானும் இருக்கிற அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் அந்தக் குழாயின் படம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. குழாயோடு சூரிய உதயம், குழாயோடு மலைக்கோட்டை, குழாய்க்கு மாலை போட்டு ஆயுத பூஜை. ஒவ்வொரு படத்தையும் நான் கலீமிடம் காட்டுவேன். டீ குடிக்கும்போது இருவரும் சிரிப்போம். "ஒரு போன் போட்டுச் சொல்லிடலாமாக்கா?" என்று அவன் ஒரு நாள் கேட்டான். "சொன்னா படம் போடறத நிறுத்திடுவாருடா" என்றேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சிரிப்பு எனக்கு ருசியாக இருந்தது.

காவிரியிலும் கொள்ளிடத்திலும் தண்ணீர் பெருகின ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, மேலூர் தாண்டி, வாழைத்தோட்டத்துக்குள் ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, இன்சுலின் தீர்ந்துவிட்டது. நடுவில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு பாதை மேல் ஓடுகிறது. வண்டி உள்ளவர்கள் யாராவது மருந்தைக் கொண்டுபோக முடியுமா?

குரூப்பில் இருநூற்றுப் பத்துப் பேர். லட்சக்கணக்கில் கொட்டி வண்டியை ஜோடித்தவர்கள். எல்லோரும் கைகூப்புகிற பொம்மையை அனுப்பினார்கள். ஒருத்தர் "கடவுள் காப்பாத்துவார்" என்று எழுதினார். நான் கசப்போடு சிரித்துக்கொண்டிருந்தபோது அடுத்த செய்தி வந்தது. ரத்தினவேல். "மருந்து வாங்கியாச்சு. ஸ்பாட்டுக்கு வந்துட்டேன். தண்ணி பானட் அளவு இருக்கு. பயமில்ல, நம்மகிட்ட ஸ்நார்கெல் இருக்கு."

பானட் அளவுத் தண்ணீரில் அந்த இன்ஜின் காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுக்கும். பாதி வழியில் நின்றுவிடும். ஓடுகிற தண்ணீரில் நின்றுபோன வண்டியைத் தண்ணீர் பக்கவாட்டில் தள்ளும். அதற்கப்புறம் கதவையும் திறக்க முடியாது.

போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தார்.

"மேடம்! இறங்கிட்டேன், முன் சக்கரம் தண்ணிக்குள்ள இருக்கு. அப்புறம் பேசறேன்."

"நிறுத்துங்க! சார், நிறுத்துங்க! அந்தக் குழாய் பொய்! உள்ள ஒண்ணுமே இல்ல, டேப்ல ஒட்டினது! ரிவர்ஸ் எடுங்க!"

அந்தப் பக்கம் கியர் மாறுகிற சத்தம் கேட்டது. யாரோ விசும்புகிற மாதிரியும் இருந்தது. போன் துண்டிக்கப்பட்டது.

நானும் கலீமும் ஜீப்பை எடுத்துக்கொண்டு பறந்தோம். போய்ச் சேர்ந்தபோது வண்டி கரையில் நின்றிருந்தது. மேலூர்க்காரர் ஒருவர், அரை டவுசரோடு, வண்டியின் கொக்கியில் கட்டிய கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, மருந்துப் பையைத் தலையில் கட்டி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தார். பத்தே நிமிஷம். ஒரு லைட்டும் வேண்டியிருக்கவில்லை, ஒரு ஸ்டிக்கரும் வேண்டியிருக்கவில்லை. ரத்தினவேல் கயிற்றை நடுவில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடாமல், வண்டிக்குக் கிட்டே போகாமல், தூரத்திலிருந்தே திரும்பிவிட்டேன்.

மறுநாள் பட்டறைக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அன்றைக்கே சொன்னேனே, நீங்கள்தான் காதில் வாங்கவில்லை, உங்கள் மாமனாரைப் போய்க் கேளுங்கள் என்று சொல்லத்தான் இருந்தேன்.

அவர் சத்தம் போடவில்லை. வண்டிப் பக்கத்தில் நின்று, "நான் தினமும் அந்தக் குழாய போட்டோ போட்டேனே மேடம். நீங்க பாத்தீங்கல்ல?" என்றார்.

"பாத்தேன்."

"சிரிச்சிருப்பீங்க."

கலீம் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். நான் "ஆமா" என்றேன்.

அவர் தலையாட்டினார். "சிரிக்க வேண்டியதுதான். எனக்கு இந்த வண்டியப்பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. கடையில டைல்ஸப்பத்தி ஒண்ணும் தெரியாம வர்றவங்களப் பாத்து நானும் உள்ளுக்குள்ள சிரிப்பேன். ஆனா பாத்ரூமுக்கு வழுக்கற டைல்ஸ கேட்டா குடுக்க மாட்டேன்." வண்டியின் பின் கதவில் கை வைத்தார். "நேத்து நீங்க பேசினது ஸ்பீக்கர்ல வந்துச்சு. அப்பா செய்யற நல்ல காரியத்த வீடியோ எடுக்கறேன்னு என் வொய்ஃப் சுபஸ்ரீயும் பாப்பாவும் கூட வந்திருந்தாங்க. பாப்பா பின் சீட்ல பெல்ட் போட்டு உக்காந்திருந்தா. ஏழு வயசு."

"சாவியக் குடுங்க சார், ஓட்டை போட்டு சரியா மாட்டித் தரேன்" என்றேன். சாவியை வாங்க நான் நீட்டிய கையை அவர் பார்த்தார். சாவியைத் தரவில்லை. "வேற எடத்துல போட்டுக்கறேங்க" என்று மரியாதையாகவே சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.