கிரேன் நகர்ந்த சனிக்கிழமை

மன்னார் வளைகுடாவைப் படைத்தது கர்த்தர் என்பதில் கிளைட்டனுக்குச் சந்தேகமில்லை. ஆனால் படைத்து முடித்த கையோடு, அதன் அடியில் என்னென்ன எங்கெங்கே கிடக்கிறது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும் பொறுப்பை அவர் தன்னிடம் ஒப்படைத்துவிட்டார் என்று அவன் நம்பினான். இதை அவன் வேடிக்கையாகச் சொல்வதில்லை. ஆறுமுகநயினார் அண்ணாச்சியின் டீக்கடை பெஞ்சில், பூசையில் வாசகம் வாசிக்கிற முகத்தோடுதான் சொல்வான்.

“ஜிபிஎஸ்ஸெல்லாம் கரையில பொறந்தவனுக்கு அண்ணாச்சி. எனக்கு எதுக்கு?”

“நீ எங்கலே பொறந்த? கவர்மெண்டு ஆஸ்பத்திரியிலதான?” என்றார் அண்ணாச்சி, டீயை ஆற்றியபடியே.

கிளைட்டன் மூச்சடக்கிச் சங்கு குளிக்கிறவன். பி.காம். பாதியில் நின்றுபோனதற்குக் காரணம், கல்லூரியில் தனக்குச் சொல்லித்தர ஆள் இல்லை என்பது அவன் தரப்பு. மற்றவர்கள் மாதா கோயில் கோபுரத்தைக் குறியாக வைத்துப் படகை நிறுத்துவார்கள். கோபுரம் ஊருக்கே பொதுவாகிவிட்டதால் கிளைட்டன் தனக்கென்று ஒரு குறி பிடித்திருந்தான். அனல் மின்நிலையப் புகைபோக்கியும் துறைமுகத்து நீலக் கிரேனும் ஒன்றை ஒன்று மறைக்கிற கோட்டில் போய் நங்கூரத்தைப் போடுவான். அடியில் சங்கு இருக்கும். பெரும்பாலும் இருந்தது.

அவனுடைய வாயின் பெரும்பகுதி அக்கா ரீனாவின் மீது செலவானது. தீவுகளைச் சுற்றிய கடல் தேசியப் பூங்காவில், இழுவலைகள் சுரண்டி மொட்டையாக்கிய தரையில் கடல்புல் நடும் பெண்கள் குழுவில் அவள் இருந்தாள். அடர்ந்து வளர்ந்த இடத்திலிருந்து அனுமதியோடு பறித்து வந்த புல்லை, வெள்ளைக் குழாய்ச் சட்டங்களில் குறுக்கும் நெடுக்கும் ஓடும் சணல் கயிற்றில் ஒவ்வொரு நாற்றாகக் கட்டுவார்கள். பிறகு முக்குளிப்பவர்கள் கொண்டுபோய்த் தரையில் பதிப்பார்கள். கரையில் தார்ப்பாய் நிழலில், கடல்நீர்த் தொட்டியில் கைவிட்டபடி அவர்கள் கட்டிக்கொண்டிருக்கும்போதெல்லாம் கிளைட்டனுக்கு அந்த வழியாகத்தான் வேலை இருக்கும்.

“எக்கா, கடல்ல புல்லு நடுதீயளே, தண்ணி யாரு ஊத்துவா?”

“ஒன் வாயில இருந்து வழியுதுல்லா, அது போதும்.”

“வேலியும் போட்டுருங்க. ஆடு வந்து மேஞ்சிரும்.”

“கடல்பசு வந்து மேயணும்னுதாம்ல நடுதோம்,” என்றாள் ரீனா, தலை நிமிராமல். “வந்தா ஒன்னத்தான் மொதல்ல கூட்டிட்டுப் போவேன். சொந்தக்காரனப் பாத்தா அதுக்கும் சந்தோசமா இருக்கும்.”

தொட்டியைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. கிளைட்டன் அதைத் தன் வெற்றியாகவே எடுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை சென்னையிலிருந்து அதிகாரிகள் வரவிருந்தார்கள். நட்ட புல் நின்றிருந்தால் அடுத்த பாத்தி முழுக்க ரீனாவின் பொறுப்பு. எதை எங்கே நடுவது, யார் இறங்குவது, எல்லாம் அவள் சொல்லுக்கு. இதுவரை கட்டியது அவள். பேசியது வேறு ஆட்கள். இந்த முறை படகில் நின்று அவளே பேசப்போகிறாள். நாலைந்து நாளாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை நடந்தது. ஒவ்வொரு ஒத்திகை முடிவிலும் கிளைட்டன் எழுந்து நின்று கைதட்டினான்.

சனிக்கிழமை கிளைட்டனும் அவன் கூட்டாளி அமலனும் கடலுக்குப் போனார்கள். புகைபோக்கியைக் கிரேன் மறைத்தது. நங்கூரம் இறங்கியது. ஆனால் காற்று படகைத் தள்ள, நங்கூரம் நிற்காமல் தரையை அரித்துக்கொண்டே போனது. தூக்கினால் கனத்தது. வெள்ளைக் குழாய் ஒன்று வளைந்து மேலே வந்தது, அதில் சணல், சணலில் வேரோடு தொங்கும் பச்சைப்புல்.

அமலன் அதைப் பார்த்தான். பிறகு கரையைப் பார்த்தான்.

“ஏலே, கிரேனு தண்டவாளத்துல ஓடுறதுல்லா?”

கிளைட்டன் குழாயிலிருந்து நங்கூரத்தைக் கழற்றினான்.

“கப்பல் வந்தா அது அங்கன போவும், இங்கன வரும். அதப் போயா அடையாளம் வச்ச?”

ரீனாவின் பாத்தி இருக்கும் இடத்தைக் காட்ட மேலே கிடந்த மிதவை போன வாரக் காற்றில் அறுந்துவிட்டது. திங்கள் காலையில் புதிது கட்டப்போவதாக வீட்டில் ரீனா சொன்னதை அவன் காதில் வாங்கியிருந்தான். இப்போது கையிலிருந்த முடிச்சைப் பார்த்தான். இரண்டு சுற்றி, வாலை உள்ளே செருகிய முடிச்சு. யார் கட்டியது என்று கேட்கத் தேவையில்லை. பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க அவனுடைய ஷூவில் விழுந்த முடிச்சு அது.

“தூக்கிப் போட்டுட்டு வா. யாரு நங்கூரம்னு எவனுக்குத் தெரியும்?” என்றான் அமலன்.

உண்மைதான். ரீனாவுக்குக்கூடத் தெரியாது. புல் வேர்பிடிக்கவில்லை என்றுதான் நினைப்பாள். அதிகாரிகளும் அப்படித்தான் எழுதிக்கொள்வார்கள். நாளை ஞாயிறு, ஊரில் ஒரு படகும் இறங்காது. இருப்பது இந்த மத்தியானம் மட்டும்.

“கத்தி கீழ விழுந்துட்டு. எடுத்துட்டு வாரேன்,” என்று சட்டத்தோடு குதித்தான் கிளைட்டன்.

இரண்டு வருடமாகக் கேலி செய்த பாத்தியை அவன் பார்த்ததில்லை. அவன் ஞாபகக் கணக்கில் இந்த இடம் வெறும் மணல். இப்போது இங்கே ஒரு வயல் கிடந்தது. நீரோட்டத்துக்குப் புல் மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு பக்கம் நிமிர்ந்தது. பழைய சட்டங்களைப் புல்லே மூடி எங்கே கட்டினார்கள் என்று தெரியாமல் செய்திருந்தது. வேர்களுக்கிடையே நண்டு ஒன்று அவனைப் பார்த்துக் கொடுக்கைத் தூக்கி, உன் படகுதானா அது என்பதுபோல நின்றது. நடுவில் ஒரு சங்கு, நல்ல பருமன், பாதி புதைந்து கிடந்தது. கிளைட்டன் அதைத் தொடவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ விம்மியது. தன்னைத் தவிர இன்னொருவரை நினைத்துப் பெருமைப்பட்டுப் பழக்கமில்லாததால், காதில் அழுத்தம் கூடிவிட்டதாக நினைத்துக்கொண்டான்.

ஓரத்தில் புதிதாகப் பதித்திருந்த மூன்று சட்டங்கள் பெயர்ந்து கிடந்தன. இழுத்து வந்து பொருத்தி, கம்பிக் கொக்கிகளை மணலில் அழுத்தினான். உதிர்ந்த நாற்றுகளைப் பொறுக்கிக் கட்ட ஆரம்பித்தபோதுதான், இரண்டு சுற்றி வாலைச் செருகுவதற்கே ஒரு மூச்சு முழுதும் போய்விடும் என்று தெரிந்தது. மேலே வந்தான்.

“கத்தி கெடச்சுதா?”

“இல்ல.”

“இடுப்புல இருக்கது என்னது?”

“அது வேற கத்தி.”

மறுபடி இறங்கினான். மறுபடி வந்தான். மூச்சு வாங்கியது, சணல் தீர்ந்துவிட்டது. அதற்குள் அமலன் சங்கு போடக் கொண்டுவந்த காலிச் சாக்கைப் பிரித்து, நூல் நூலாக உருவி, படகின் விளிம்பில் தொங்கவிட்டிருந்தான். கிளைட்டன் ஒரு கொத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினான்.

வெயில் சாய்ந்து, நீருக்குள் வெளிச்சம் பச்சையாகி வந்தது. ஒரு நாற்றைச் சாக்கு நூலில் சுற்றி வாலைச் செருகப்போன நேரத்தில், நகத்தளவு மீன்குஞ்சு ஒன்று எங்கிருந்தோ வந்து இலைக்கும் அவன் கட்டைவிரலுக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டது. முடிச்சு இன்னும் இறுகவில்லை. கையை எடுத்தால் அது ஓடிவிடும். கிளைட்டன் விரலை அசைக்காமல், இருக்கிற மூச்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தான்.