தம் ஒப்படைத்த மாசிலாமணி

திங்கள்கிழமையிலிருந்து அலுவலக வளாகத்துக்குள் தம் கூடாது என்று ஆணை வந்துவிட்டது. வாசலில் காவலாளி அல்போன்ஸ் மேஜை போட்டு உட்கார்ந்து தம் வாங்கி வைத்தார். சிகரெட் வைத்திருந்தவர்கள் பாக்கெட்டை நீட்டி, டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். அவர்களுக்கென்ன, கொடுத்து வைத்தவர்கள்.

தபால் பிரிவு மாசிலாமணி ஆயுளில் பீடியைக்கூடத் தொட்டதில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

"என்கிட்ட தம் இல்ல அல்போன்ஸ்."

"தம் இல்லாமயா தினம் மூணு மாடி ஏறுறீங்க சார்?"

"அது வேற தம்ப்பா."

"ஆணையில வேற தம்னு போடலையே."

மாசிலாமணி ஆணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போடவில்லைதான். எழுதினவன் நாசமாய்ப் போக. பின்னால் வரிசை நீண்டது. யாரையும் காக்க வைக்கிற ஆள் இல்லை அவர். ஊதிக் கொடுத்துவிட்டார். அல்போன்ஸ் அதைப் பழுப்பு உறையில் பிடித்து ஒட்டி, நாற்பத்தொன்று என்று எழுதினார்.

அன்று ஐந்தரைக்கு மகள் பூங்கோதையை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டு போகிறார்கள். அதற்கு முன்னால் போன் பண்ணுவாள். "பயப்படாதே கண்ணு" என்று அப்பா வாயால் கேட்க வேண்டுமாம். மாசிலாமணிக்கு அது ஒன்றுக்குத்தான் தம் வேண்டும். மற்றபடி தபால் பிரிவில் பேசுவதற்கு என்ன இருக்கிறது. பகல் முழுக்க தம் இல்லாமல் முத்திரை குத்தினார். முகம் நீலம் பாரித்தது. சட்டைக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார்.

நாலரைக்கு மேலாளர் கூப்பிட்டு, 'தம் இல்லாத ஊழியர்' சான்றிதழ் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பாவி மனுஷனால் நன்றி சொல்லக்கூட முடியவில்லை. கும்பிட்டார்.

ஐந்து இருபதுக்கு வாசலுக்கு ஓடினார். மூன்று மாடிக் கட்டடத்தில் படிக்கட்டு அன்றைக்கு ஏழு மாடி இறங்கியது. ஒருவழியாக வந்து டோக்கனை நீட்டினார்.

அல்போன்ஸ் உறையைத் திறந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"மத்தியானம் மேலாளர் ஒரு தம் கேட்டாரு சார். உங்களுது ஃபில்டர் இல்லாத சரக்கு, நல்லாயிருக்குன்னு முழுசா இழுத்துட்டாரு. கேட்டுக்கு வெளிய போய்த்தான் இழுத்தாரு, விதிப்படி."

உறைக்குள் கொஞ்சம் சாம்பல் கிடந்தது.

மாசிலாமணி நாற்காலியில் உட்கார்ந்தார். போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார்.

"அப்பா, ஸ்ட்ரெச்சர் வந்துருச்சு. இருக்கீங்களா? ஏதாவது பேசுங்கப்பா."

வாயைத் திறந்தார். இன்னும் பெரிதாகத் திறந்தார். அல்போன்ஸுக்கு மனசு கேட்கவில்லை. போனை வாங்கிக்கொண்டார்.

"உங்கப்பா தம்மை விட்டுட்டாரும்மா."

"எங்கப்பாவா? அவரு தம்மே அடிச்சதில்லையே."

"அதனாலதாம்மா."

அந்தப் பக்கம் யாரோ போனைக் கேட்டு வாங்கினார்கள். அல்போன்ஸ் உறையைக் கசக்கிப் போட்டார். பதிவேட்டில் நாற்பத்தொன்றுக்கு எதிரே 'திருப்பிக் கொடுக்கப்பட்டது' என்று எழுதினார். பிறகு மாசிலாமணியின் கட்டைவிரலைப் பிடித்து ரேகை வைத்துக்கொண்டார்.