செவ்வந்தி அக்காவின் இடது காது

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று தெரியவந்த என் தவறு: தோலின் நிறத்தைச் சுடாத களிமண்ணோடு ஒப்பிட்டுவிட்டேன். இந்தப் பால்வெள்ளைப் பாலிமர் களிமண் ஓவனில் சுட்ட பிறகுதான் வெளிச்சத்தை உள்ளே விடும். அப்போது அதில் கலந்த நிறம் இன்னும் கருத்துவிடும். களிமண் நகை செய்யச் சொல்லித்தரும் ரம்யா மேடம் முதல் வகுப்பிலேயே சொன்னது இது. எழுதியும் வைத்திருக்கிறேன். ஆனாலும் நேற்று செவ்வந்தி அக்காவின் காதருகே பிசைந்த உருண்டையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சுட்டு எடுத்தபோது அது புளியங்கொட்டை நிறத்தில் இருந்தது.

பகலெல்லாம் சாமை மில்லில் நின்றுவிட்டு வகுப்புக்கு வருகிறேன். ஜமுனாமரத்தூர் மகளிர் குழுக் கட்டடத்தில் உட்கார்ந்ததும் முதலில் வருவது தூக்கம்தான். எத்தனை கழுவினாலும் விரல் ரேகைக்குள் தவிட்டுத் தூசி இருக்கிறது, இந்தக் களிமண்ணோ ஒரு துகளையும் மறைக்காது. மற்றவர்கள் நன்றாகச் செய்கிறார்கள். மஞ்சுளாவின் நெல்லிக்காய்த் தோடுகளைத் தூக்கிப் பிடித்தால் உள்ளே கோடுகள்கூடத் தெரிகின்றன. அருவி பார்க்க வருகிறவர்கள் அவற்றை வாங்கிக்கொண்டு போகிறார்கள். நான் செய்துகொண்டிருப்பது ஒரு காது மடல்.

செவ்வந்தி அக்காவும் எங்கள் வகுப்புதான். அவருடைய இடது காது, கம்மல் போடும் துளையிலிருந்து கீழே வரை அறுந்து இரண்டாகத் தொங்குகிறது. பொங்கலுக்கு முன்னால் பிள்ளை இழுத்துவிட்டான் என்று எங்களிடம் சொல்லியிருந்தார். தைத்துவிடலாம், ஆனால் மறுபடி குத்தச் சில மாதங்கள் ஆகும் என்றார்களாம் ஆஸ்பத்திரியில். வெள்ளிக்கிழமை அவருடைய பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. அத்தனை சொந்தத்துக்கும் நடுவில் மூளிக் காதோடு எப்படி நிற்பது என்று ஒருநாள் அழுதார். அறுந்த இடத்தை மூடி, கீழிருந்து கவ்விப் பிடிக்கிற மாதிரி ஒரு மெல்லிய மடல் செய்து அதிலேயே தோடு மாட்டிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. எனக்கு வராத வேலைக்கு முந்திக்கொண்டு கை தூக்குவது என் சுபாவம்.

இன்று ஒழுங்காகச் செய்தேன். சின்னச் சின்னத் துண்டுகளில் வேறு வேறு அளவு பழுப்பு கலந்து முதலில் சுட்டேன். வெளிச்சம் போவதற்குள் அக்காவை வாசலுக்குக் கூட்டிப்போய், ஒவ்வொரு துண்டாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று தோலோடு தோலாகப் போய்விட்டது. அந்த அளவில் மடலைச் செய்து சுட்டு, கல்யாணப் பெண்களுக்கு இமைமுடி ஒட்ட ரம்யா மேடம் வைத்திருக்கும் பசையால் ஒட்டினோம். வெள்ளைக் கல் தோடு அதில் தொங்கியது.

"இந்தப் புதுக் காதுலயாவது நாங்க சொல்றது ஏறுதான்னு பாப்போம்க்கா" என்றாள் மஞ்சுளா. எல்லோரும் சிரித்தோம்.

அக்கா கண்ணாடியை வாங்கி, தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா பண்ணிக்கிற புவனா. ஒண்ணுமே நடக்காத மாரி கீது."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவைக்க வேண்டும்.

மற்றவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு மேடம் உள்ளே ஓவனைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் குழாயடியில் தட்டுகளைக் கழுவினோம். அக்கா மடலைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருந்தார்.

"புள்ள இழுத்துச்சுன்னு சொன்னேன்ல? புள்ளைக்கு இன்னா அவ்ளோ பலமா கீது? அவுருதான். கம்மலோட சேத்து இழுத்தாரு. புள்ள இழுத்துச்சுன்னு சொல்லுன்னு சொல்லிக்குடுத்ததே எங்க மாமியாதான்."

நான் குழாயை மூடினேன்.

"வெள்ளிக்கெழம அவுங்க வூட்டு ஆளுங்க அத்தினி பேரும் வருவாங்க. இத மாட்டினு போய் நின்னா அவுங்களுக்குத்தான் நிம்மதி."

"அப்போ போடாதக்கா."

"மூளியா நிக்கச் சொல்றியா? எம் பொண்ணு பக்கத்துல?" கோபமாகத்தான் கேட்டார். "தோடு நான் போட்டுத்தான் ஆவணும்."

மேசைமேல் காய்ந்த இலையை உள்ளே வைத்துச் சுட்ட டாலர் ஒன்று கிடந்தது. அக்கா உள்ளே போய் அதை எடுத்துவந்து வாசல் பல்புக்கு நேராகப் பிடித்தார். இலையின் நரம்பெல்லாம் தெரிந்தது.

"இந்த மாரி வருமா? கலர் போடாத."

"உள்ள அறுந்தது தெரியுமேக்கா."

"தெரியட்டும்."

"அவரு எதுனா பண்ணாருன்னா?"

"பண்றத பண்ட்டாரே. ஒன் கையால ஆவுமா ஆவாதா, அத சொல்லு."

ஆகும் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது சரிதானா என்று யோசித்தேன். நிறத்தில் தவறினால் மறுபடி சுடலாம். வெள்ளிக்கிழமை விருந்து முடிந்து எல்லோரும் போன பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதற்கு என்னிடம் முறை எதுவும் இல்லை. அம்மாவிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. கால் வலிக்கிறது. காலையில் மறுபடி மில்.

நாளை செய்ய வேண்டியது: புதுப் பாக்கெட்டைப் பிரிக்க வேண்டும். நிறம் எதுவும் சேர்க்கக் கூடாது. முடிந்தவரை மெல்லியதாகத் தேய்க்க வேண்டும். ஓவன் பக்கத்திலேயே நிற்க வேண்டும், சூடு ஏறினால் பழுப்பேறிவிடும். எடுத்ததும் சூட்டோடு சூடாக ஐஸ் தண்ணீரில் போட்டால் இன்னும் தெளியும் என்றார் மேடம். பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடை மூடுவதற்குள் போய் ஐஸ் வாங்க வேண்டும்.